வீட்டு முற்றத்திலே பழைய ரோசா



ரோசா வளர்ப்பு என்றவுடன், வரிசையாகப் பாத்தி கட்டிப் பெயர்த்தகடு நாட்டிய தோட்டமே பலரின் மனக்கண்ணில் எழுகின்றது. நான் பேச எடுத்துக்கொண்டது அதுவன்று. கிணற்றடிக்கும் வேலிக்கும் இடையே, துளசியோடும் செவ்வந்தியோடும் தானும் ஒன்றாய் நிற்கும் பழைய ரோசாவே என் பொருள்.

1867 ஆம் ஆண்டு பிரான்சிலே 'லா பிரான்ஸ்' என்னும் கலப்பின ரோசா தோன்றிற்று. அதற்கு முன்னிருந்த குலங்களைப் பழைய ரோசா என வகுப்பது வழக்கம். அவையாவும் நமக்கு ஏற்றனவல்ல. கல்லிக்கா, அல்பா முதலியன குளிர்கால உறக்கத்தின் பின்னரே பூப்பன. படத்திலே கண்டு மயங்கி அவற்றை யாழ்ப்பாணத்து வெயிலில் நடுவோர் பெரும்பாலும் இலையையே காண்பர். சீனத்து ரோசாவும் அதன் வழிவந்தனவுமே வெப்பநாட்டுக்கு உரியன.

அவ்வழியிலே வந்தது பூர்பன் ரோசா. இன்று ரீயூனியன் எனப்படும் தீவு பூர்பன் என வழங்கிய காலத்தில், அங்கு வேலியாக நட்ட சீன ரோசாவும் டமாஸ்க் ரோசாவும் தாமே கலந்து அதனைப் பிறப்பித்தன. தமிழ்நாட்டிலே மாலை கட்டுவோர் பன்னீர் ரோசா எனப் போற்றும் பூ அக்குலத்தது. வேலியோரத்துப் பிறப்பு ஆதலினாற்போலும், வேலியோரத்திலே அது செழிக்கின்றது! புதிய ரோசாக்களிற் பல உருவிலே பெரியன, மணத்திலோ வறியன. மணமில்லாத ரோசாவை நான் முற்றத்தில் வைப்பதில்லை.

ஒட்டுச்செடி பட்டுப்போனால், அடியிலிருந்து காட்டு ரோசாவே தளிர்க்கும். தன் வேரில் நிற்கும் பழைய செடியோ, அடியோடு வெட்டினும் தன் பூவையே மீண்டும் தரும். ஆயினும் முற்றத்துக்குச் சீமெந்து இடும்போது முதலிற் போவது அதுவே. விலைக்குத் தேடினும் எளிதிற் கிடையாத இனங்கள் இவ்வாறே மறைகின்றன. வெட்டுமுன் நான்கு தடிகளை அயலாருக்குக் கொடுங்கள்.

பென்சிற் பருமனான, பூத்து ஓய்ந்த தடியைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, மூன்றில் இரு பங்கு மண்ணுள் இருக்க நிழலில் ஊன்றுக. ஐப்பசி, கார்த்திகை மழை அதற்கு உகந்தது. வேரூன்றியபின் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றி, மக்கிய ஆட்டெரு இடுக. நீரை அடியிலே ஊற்றுக; இலை நனைந்து நின்றாற் கரும்புள்ளி நோய் பற்றும். கிணறு உவராயின் மழைநீரைச் சேர்த்துவைத்து ஊற்றுவது நன்று. கத்தரிப்பதிலே கைக்கு அடக்கம் வேண்டும்: காய்ந்த கொம்பையும் உதிர்ந்த பூவின் காம்பையும் நீக்கினாற் போதும். நீண்ட கொடியை வெட்டாது வளைத்து வேலியிற் கட்டுங்கள். வளைந்த கொடியிலே கணுவுக்குக் கணு மொட்டு வரும்.