ஓ.டி.பி. யார் கையில்?

ஆசிரிய நண்பர்களே, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தமிழ்நாடு அரசு 2025இல் விதி வகுத்தது. 18 வயது நிரம்பாதவர் ஆட முடியாது. ஆதாரோடு, அதில் இணைத்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றமும் விதியை ஏற்றது. அதே ஆண்டு மத்தியச் சட்டம் அவ்விளையாட்டுகளையே தடை செய்தது. ஆனால் ஓ.டி.பி.யை நம்பும் பழக்கம் போகவில்லை.

நம் திரேஸ்புரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போகிறார். ஓ.டி.பி. எட்டாம் வகுப்புப் பையனிடம் வருகிறது. சரிபார்த்தது அப்பாவின் வயதை. உள்ளே நுழைவது மகன்.

முகம் பார்த்து வயது சொல்லும் செயலிகளோ தோராயமாகத்தான் சொல்கின்றன. எடுத்த படத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யாரிடம் கொடுப்பார்கள்? பொடி எழுத்தில் எங்கோ இருக்கும், அல்லது இருக்காது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேசுமுன், ஆதாரில் இணைத்த கைப்பேசி இரவில் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.