கவனம் தங்கும் இடம்



மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கும் மாணவர்களைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். நான்கு பாடங்களில் 80க்கு மேல் இருக்கும். ஒன்றில் மட்டும் 45. பையனின் கண் அந்த 45இன் மேலேயே நிற்கும். வீட்டிற்குச் சென்றால் தந்தையாரின் கண்ணும் நேரே அங்கேதான் போகும். பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆயினும், மற்ற நான்கு பாடங்களில் அவன் பட்ட பாடு அன்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை, அவனுக்கே தெரிவதில்லை. தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் இப்படிப்பட்ட ஓர் எண்ணைத் தம் உயிரினும் பெரிதாகக் கருதிவிடும் பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் இதைப் பற்றி உங்களோடு பேச விரும்பினேன்.

நமக்கு நேர்வன எல்லாம் நம் கையில் இல்லை. நேர்ந்தவற்றுள் எதன்மேல் உள்ளத்தைத் தங்கவிடுவது என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது. அந்த ஓரளவு சிறியதன்று.

1998இல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானெமன் என்னும் இரு அறிஞர்கள் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கலிபோர்னியாவில் தட்பவெப்பம் இனியது. நாட்டின் நடுமேற்குப் பகுதியிலோ குளிர் கொடியது. இரு பகுதிகளிலும் உள்ள கல்லூரி மாணவர்களிடம், தம் வாழ்க்கை தமக்கு எவ்வளவு நிறைவு தருகிறது என்று கேட்டார்கள். விடைகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஆனால், உன்னைப் போன்ற ஒருவர் மற்றப் பகுதியில் எப்படி இருப்பார் என்று வேறு சிலரிடம் கேட்டபோது, இரு பகுதியினரும் கலிபோர்னியாவில் இருப்பவரே மிகுந்த மகிழ்ச்சியுடன் இருப்பார் என்றார்கள். ஏன்? இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது வெயிலும் பனியும் உள்ளத்தை அடைத்துக்கொள்கின்றன. அங்கே உண்மையில் வாழ்பவனோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பாடம், நண்பர், செலவு, சாப்பாடு என்று அவன் நாள் கழிகிறது. ஒன்றையே எண்ணிக்கொண்டிருக்கும்போது அது தன் அளவினும் பெரிதாகத் தோன்றுகிறது. ‘அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் போதும்’ என்று ஏங்கும் நண்பர்கள் இந்த ஆய்வைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

அப்படியானால் துன்பம் தருவதை நினையாதிருந்துவிட்டால் போதாதா? போதாது, அது முடியவும் முடியாது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன வைத்தியர் கதை நம் பாட்டிமார் அறிந்தது. டேனியல் வெக்னர் என்பார் 1987இல் குரங்குக்குப் பதிலாக வெண்கரடியை வைத்து இதையே சோதித்தார். ஐந்து நிமிடம் வெண்கரடியை நினைக்கக் கூடாது. நினைவு வந்தால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன்பின் தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்கள் அதை மிகுதியாக நினைத்தார்கள். கரடிக்குப் பதிலாகச் சிவப்பு வோக்ஸ்வேகன் வண்டியை நினையுங்கள் என்று சிலரிடம் சொன்னபோது அந்த மிகுதி குறைந்தது. உள்ளத்தை வெறுமனே விரட்ட முடியாது. போவதற்கு ஓர் இடம் காட்ட வேண்டும். (இந்த உண்மையைக் கைப்பேசி விளையாட்டுகளைச் செய்கிறவர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள். அவர்கள் காட்டும் இடத்திற்குத்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் போகிறார்கள்.)

ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் படித்த உளநூலில் வில்லியம் ஜேம்ஸ் என்னும் பெயர் அடிக்கடி வரும். 1899இல் அவர் ஆசிரியர்களுக்கென்றே வெளியிட்ட சொற்பொழிவுகளில் ஒரு கருத்து உண்டு. வலிந்து செலுத்தும் கவனம் ஒரே பொருளின்மேல் சில நொடிகளுக்குமேல் நிற்காது. அப்பொருளைப் பற்றிப் புதிய புதிய வினாக்களை எழுப்பினால்தான் அது மீண்டும் மீண்டும் அங்கே திரும்பும். நான் வகுப்பறையில் கண்டதும் அதுவே. 45 வாங்கியவனிடம் ‘வருந்தாதே’ என்றால் வருத்தம் கூடும். ‘எந்தக் கணக்கில் போயிற்று? வாய்பாட்டிலா, இடைப்படியிலா, நேரம் போதாமலா?’ என்று கேட்டால் மூன்றாம் வினாவிற்குள் பென்சிலைத் தேடுவான். அவனை நெரித்துக்கொண்டிருந்த எண் அப்போது ஒரு வேலையாகிவிடும். அடுத்து, ‘அந்த 80 எப்படி வந்தது?’ என்றும் கேட்பேன். இதை வீட்டில் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். விடை சொல்ல அவனுக்குச் சிறிது நேரம் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் தவறாகக் கொள்ள வேண்டா. துன்பம் எல்லாம் நோக்கின் கோளாறு என்று நான் சொல்லவில்லை. கூடப் படிப்பவன் அடித்துத் துன்புறுத்தினால் அதை ஆசிரியரிடம் சொல்லியே ஆக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உள்ளத்தில் தலைகாட்டினால், அன்றைக்கே நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைத் தனியே சுமக்கலாகாது. பசித்த பிள்ளையிடம் கவனத்தை வேறு பக்கம் திருப்பு என்பது கொடுமை. பசிக்குச் சோறுதான் விடை என்பதை உணர்ந்தே 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. சத்துணவுக் கூடத்தில் தட்டு ஏந்தி உண்டு வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டுதான் பிற்பகல் இரண்டு மணிக்கு என்னால் இயற்கணிதம் நடத்த முடிந்தது.