கைதட்டல் எங்கே எழுகிறது?



திரைப்படங்களில் பெண்ணியம் என்று பேச்செடுத்தாலே, எந்தெந்தப் படங்களில் கதாநாயகிகள் துணிச்சலாக வசனம் பேசினார்கள் என்று பட்டியல் போடுவதுதான் வழக்கம். அந்தப் பட்டியல் இன்று வேண்டாம். வசனகர்த்தா எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அதைக் கேட்டுக்கொண்டு இருட்டில் அமர்ந்திருக்கும் ரசிகர்கள் எந்த இடத்தில் கைதட்டுகிறார்கள், எந்த இடத்தில் நெளிகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

1972ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும் வெற்றி கண்ட படம் ‘பட்டிக்காடா பட்டணமா’. சிவாஜி கணேசன் கிராமத்து மூக்கையன்; ஜெயலலிதா மேல்நாட்டு நாகரிகத்தில் ஊறிய பணக்கார வீட்டுப் பெண். அவளுடைய திமிரை அடக்கக் கணவன் சாட்டையை எடுக்கும் காட்சி அப்படத்தில் உண்டு. அன்றைய ரசிகர்கள் அதை ரசித்தார்கள். ரசித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்பதை அந்தக் காலத்துப் பெரியவர்களைக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல்தான் அமலுக்கு வந்தது. சட்டம் குற்றம் என்று சொல்லிவிட்ட ஒரு செயல், திரையில் மட்டும் நெடுங்காலம் ‘புத்தி புகட்டுதல்’ என்ற பெயரில் நடமாடிக்கொண்டிருந்தது.

ஆனால் தமிழ் ரசிகர்களுக்குத் துணிச்சலான பெண்களைப் பிடிக்காது என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. விஜயசாந்தியை எடுத்துக்கொள்வோம். 1990இல் தெலுங்கில் வந்த ‘கர்த்தவ்யம்’, தமிழில் ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ என்ற பெயரில் குரல் மாற்றம் செய்யப்பட்டு வந்தது. காக்கிச் சட்டை அணிந்த ஒரு பெண் ரௌடிகளைப் புரட்டி எடுத்தாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. இரண்டே ஆண்டுகளில், 1992இல், அதே விஜயசாந்தி ‘மன்னன்’ படத்தில் தொழிற்சாலை முதலாளியாக வந்தார். தொழில் திறமை, அதிகாரம், மிடுக்கு எல்லாம் இருந்தன. ஆனால் இந்த முறை ரஜினிகாந்த் அவருடைய ஆணவத்தை அடக்கியபோதுதான் ஆரவாரம். படத்தின் முடிவில் நிர்வாகத்தைக் கணவனிடம் விட்டுவிட்டு அவர் இல்லத்தரசியானபோது, எல்லாம் சுபம் என்று ரசிகர்கள் எழுந்து போனார்கள்.

ஒரே நடிகை. ஏறக்குறைய அதே ரசிகர்கள். எங்கே வேறுபாடு?

வைஜெயந்தி அடித்தது ஊருக்காக. ‘மன்னன்’ படத்து முதலாளியம்மாள் அதிகாரம் செய்தது தனக்காக. பிறருக்காக எதையும் செய்யும் பெண்ணுக்கு ரசிகர்கள் எல்லா அனுமதியும் கொடுத்துவிடுகிறார்கள். அவள் அடிக்கலாம், கத்தலாம், வீட்டை விட்டு வெளியேறவும் செய்யலாம். ஆனால் தனக்கென்று ஒன்றைக் கேட்டுவிட்டால், அப்போதுதான் நாற்காலிகளில் நெளிதல் ஆரம்பமாகிறது. வெற்றி பெற்ற படங்களையும் தோற்றுப்போன படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும்.

1974இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘அவள் ஒரு தொடர்கதை’யில் கவிதாவாக வந்தவர் சுஜாதா. குடிகார அண்ணன், விதவைத் தங்கை என்று ஒரு பெரிய குடும்பத்தையே தன் சம்பளத்தில் சுமக்கும் பெண் அவள். கவிதாவின் நாக்கு சாதாரண நாக்கு அல்ல, சுருக்கென்று தைக்கும். இருந்தும் ரசிகர்கள் அவளைக் கொண்டாடினார்கள். காதலித்தவனைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்து, கடைசியில் தன் திருமணத்தையும் விட்டுக்கொடுத்து, மறுபடியும் வேலைக்குப் போகிறாள் அல்லவா? அவ்வளவு தியாகம் செய்தவள் நாலு வார்த்தை சுடச்சுடப் பேசினால் என்ன என்ற தாராள மனம் ரசிகர்களுக்கு வந்துவிட்டது. தெலுங்கு, இந்தி உட்பட வேறு மொழிகளிலும் அந்தக் கதை எடுக்கப்பட்டது.

அந்தப் படத்தில் விதவைத் தங்கையாக நடித்தவர் ஸ்ரீபிரியா. நான்கு ஆண்டுகள் கழித்து, 1978 தீபாவளிக்கு வந்த ‘அவள் அப்படித்தான்’ படத்தில் அவர்தான் மஞ்சு. இயக்கியவர் சி. ருத்ரையா. ரஜினிகாந்தும் கமல்ஹாசனும் சேர்ந்து நடித்த படம், இளையராஜாவின் இசை. இத்தனை இருந்தும் வெளியானபோது படம் எடுபடவில்லை.

மஞ்சுவும் கவிதாவைப் போல வேலைக்குப் போகும் பெண்தான். அவளுக்கும் நாக்கு கூர்மைதான். ஆனால் அவள் யாருக்காகவும் உழைத்துத் தேயவில்லை. தங்கை இல்லை, கரை சேர்க்க வேண்டிய குடும்பம் இல்லை. ஆண்களால் பலமுறை ஏமாற்றப்பட்டவள் மனிதர்களை நம்ப முடியாமல் தவிக்கிறாள். தன்னை மரியாதையாக நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறாள். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவு’ அன்றைய ரசிகர்களுக்கு அதிகமாகப் பட்டது. படத்தில் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருணாகக் கமல் வருவார். பெண்களின் பிரச்சினைகளை அக்கறையோடு கேட்டுக் கேட்டுப் பதிவு செய்பவர், கடைசியில் பெண் விடுதலையைப் பற்றி எதுவும் தெரியாத ஓர் அப்பாவிப் பெண்ணை மணந்துகொண்டு வந்து நிற்பார். படித்த, முற்போக்கான ஆண்களைப் பற்றி இவ்வளவு கசப்பான உண்மையைத் தமிழ்ப்படம் அதற்கு முன் சொன்னதில்லை எனலாம். பணக்கார வில்லனைத் திட்டினால் ரசிகர் கைதட்டுவார். நல்லவனைத் திட்டினால்? அரங்கில் இருந்த ஒவ்வொரு நல்லவருக்கும் அது உறுத்தியிருக்கும்.

வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணை ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1984இல் ஏவி.எம். தயாரிப்பில் பாரதிராஜா இயக்கிய ‘புதுமைப் பெண்’ படத்தில் ரேவதி கணவனை விட்டு வெளியேறுகிறார். ஆனால் எப்போது? சிறைக்குப் போன கணவனை மீட்க வேலை செய்து, பணம் சேர்த்து, ஊராரின் பேச்சையெல்லாம் தாங்கி, அவனை வெளியே கொண்டுவந்த பிறகு. அப்படிப்பட்டவளையே அவன் சந்தேகித்தபோது, ‘போ தாயே’ என்று ரசிகர்களே வழியனுப்பி வைத்தார்கள். வெளியேறும் உரிமையை அவள் ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்திருந்தாள்.

2015இல் வந்த ‘36 வயதினிலே’ படமும் இந்தக் கணக்கிலிருந்து முழுமையாகத் தப்பவில்லை. மலையாளப் படம் ஒன்றின் தமிழ் வடிவமான அதில், ஜோதிகா எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் நடிக்க வந்தார். திருமணமான நடிகை திரும்பி வந்தால் அது ‘மறுபிரவேசம்’; ஐம்பது தாண்டிய கதாநாயகர்களுக்கு அந்தச் சொல்லே தேவைப்படுவதில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். கணவனும் மகளும் அலட்சியப்படுத்தும் வசந்தி, மொட்டை மாடியில் காய்கறி வளர்த்து மேலே வருகிறாள். இங்கும் குடும்பம் குடும்பமாகப் போய் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். பல அம்மாக்கள் கண்கலங்கினார்கள். நல்ல படம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் வசந்தியின் கனவு எதுவென்று பாருங்கள். ஊர் மக்களுக்கு நஞ்சில்லாத காய்கறி! ஒருவேளை அவள் ஓவியம் வரையவோ, தனியாக ஊர் சுற்றிப் பார்க்கவோ ஆசைப்பட்டிருந்தால், அவ்வளவு கண்ணீர் வந்திருக்குமா என்பது ஐயமே.

தியாகம் செய்யாத பெண்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அவர்களுக்காக ஒரு பெரிய நட்சத்திரம் பேச வேண்டும். 2019 ஆகஸ்டில் வந்த ‘நேர்கொண்ட பார்வை’யில் வரும் மூன்று பெண்களும் தனியாகத் தங்கி வேலை பார்ப்பவர்கள், ஆண் நண்பர்களோடு விருந்துக்குப் போனவர்கள். வழக்கமான தமிழ்ப்படத்தில் இவர்களுக்கு முதல் பாதியிலேயே ‘பாடம்’ கிடைத்திருக்கும். இங்கே வழக்கறிஞராக அஜித் குமார் எழுந்து நின்று, ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு வேண்டாம் என்பதைத் தவிர வேறு பொருளில்லை என்று நீதிமன்றத்தில் வாதாடினார். 2016இல் வந்த இந்தி மூலமான ‘பிங்க்’ படத்தில் அமிதாப் பச்சன் செய்த வேடம் அது. தமிழில் ரசிகர்களுக்காக ஒரு சண்டைக் காட்சியும் சேர்த்துக்கொண்டார்கள்.

பெண்களுக்கு நியாயம் கேட்கவும் ஓர் ஆண்தான் வர வேண்டுமா என்று அப்போது சிலர் குறைப்பட்டார்கள். குறை நியாயமானதுதான். ஆனால் முதல் நாள் முதல் காட்சிக்கு அடித்துப் பிடித்து வரும் இளைஞர்கள், பெண்ணின் சம்மதம் பற்றி இரண்டரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் சின்ன விஷயமல்ல. அஜித் இல்லாமல் அந்தக் கூட்டம் அந்த அரங்குக்குள் வந்திருக்காது. சாட்டைக்குக் கைதட்டிய 1972ஆம் ஆண்டையும் இந்த 2019ஆம் ஆண்டையும் ஒப்பிட்டால், ரசிகர்கள் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறார்கள் என்பது புரியும்.

தியாகமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை என்றால் என்ன நடக்கும்? 2021 ஜனவரியில் ஜியோ பேபியின் மலையாளப் படமான ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ அதைச் செய்து பார்த்தது. திரையரங்கில் அல்ல, இணையத்தில் நேரடியாக வெளியான படம் அது. புதிதாகத் திருமணமான ஒரு பெண். கணவன் அடிப்பவன் அல்ல, குடிப்பவனும் அல்ல, பள்ளி ஆசிரியர். மாமனார் குரலை உயர்த்திப் பேசாதவர். குக்கர் சோறு அவருக்குப் பிடிக்காது, அடுப்பில் வடிக்க வேண்டும். துணியை இயந்திரத்தில் போடாமல் கையால் துவைத்தால் நல்லது என்பார், அதுவும் அன்பாக! பசியாறல், சமையல், மங்கு கழுவுதல், மேசையில் அவர்கள் துப்பிவிட்டுப் போன சக்கையைத் துடைத்தல், மறுபடியும் சமையல். தொட்டிக் குழாய் ஒழுகுகிறது. பழுது பார்க்க ஆளை வரச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். படம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒருநாள் அந்த அழுக்குத் தண்ணீரை இருவர் மீதும் ஊற்றிவிட்டு அவள் வெளியேறுகிறாள்.

இந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பு இரண்டாகப் பிளந்தது. இதெல்லாம் ஒரு பிரச்சினையா, வேலைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டால் போயிற்று என்றார்கள் பல ஆண்கள். இது என் வீட்டுச் சமையலறை என்றார்கள் பெண்கள். குறிப்பாக, அடிக்காத கணவனை எதற்காக விட்டுப் போக வேண்டும் என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப எழுந்தது. அவள் வெளியேறுவதற்குப் போதுமான அளவு துன்பப்படவில்லையாம்! ‘புதுமைப் பெண்’ காலத்திலிருந்து வந்த அதே கணக்கு.

ஆனால் ஒன்று மாறியிருந்தது. இப்படத்தைப் பலர் பார்த்த இடம் வீடு. திரையரங்கில் விசிலடிப்பவர்களின் கருத்துதான் உரக்கக் கேட்கும். பின்வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் கருத்து யாருக்கும் தெரியாது. வீட்டில் அப்படியல்ல. பிள்ளைகள் தூங்கிய பிறகு கைப்பேசியில் தனியாகப் பார்க்கலாம். நடுவில் நிறுத்திவிட்டு யோசிக்கலாம். பிடித்திருந்தால் தங்கைக்கும் தோழிக்கும் சொல்லி அனுப்பலாம். பெரிய இணையத் தளங்கள் முதலில் வாங்கத் தயங்கிய அந்தப் படம் அப்படித்தான் கைக்குக் கை மாறிப் பரவியது. 2023 பிப்ரவரியில் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்கத் தமிழிலும் எடுக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது.

‘அவள் அப்படித்தான்’ படத்துக்கு நேர்ந்ததும் இதுதான். 1978இல் கைவிட்ட அந்தப் படத்தைப் பிற்காலத்தில் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் தேடிப் பார்த்துப் பேசியவர்கள் வேறு ஒரு தலைமுறை. மஞ்சு ஏன் இப்படி இருக்கிறாள் என்று அன்றைய ரசிகர்கள் கேட்டார்கள். அருண் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்கும் பெண்கள் இன்று இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை அப்பாவும் அண்ணனும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், எல்லாரும் கேட்கும்படி அவர்களால் கேட்க முடிகிறதா என்பதை மட்டும் அவரவர் வீட்டில்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.