திரையின் கடைசி வரி



படப்பிடிப்பு முடிந்ததும் படமே முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். படத்தொகுப்பும் ஒலிக்கலவையும் நிறச்சீரமைப்பும் அதன்பின்பே நிறைவுறுகின்றன. சொந்தப் பணத்தில் படமெடுப்போர்க்குக் கையிருப்பு கரைந்த வேளையில் எஞ்சி நிற்கும் பணி, திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகள். அவசரத்தில் எழுதப்படும் அவ்வரிகளில்தான் நம் மொழி தேய்கிறது.

ஆங்கில வரியில் அத்தையும் சித்தியும் ஒரே ‘ஆண்டி’ ஆகிவிடுகின்றனர். 2015இல் வந்த மலேசியத் தமிழ்ப்படம் ‘ஜகாட்’. ‘ஜஹாட்’ என்னும் மலாய்ச் சொல்லே நம்மவர் நாவில் அவ்வாறு திரிந்தது. இத்தகைய சொற்களின் பொருளை மட்டும் பெயர்த்தால், பேசுவோரின் ஊர் மறைந்துவிடும்.

வரிகளுக்குரிய இடம் சிறிது. நேரமோ சில நொடிகள். எதை விடுவது, எதைக் காப்பது என்பதை மொழியறிந்தோர் உடனிருந்து சொல்ல வேண்டும். படம் அரங்கு சேருமுன், ஒருநாளேனும் தொகுப்பாளர் அருகில் நாம் அமர்வோமாக.