செத்தவர்களும் சாட்சி சொல்வார்கள்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



செத்த பிறகும் ஒதுக்கி வைக்கிற கொடுமை நம்ம நாட்டோட முடிஞ்சு போறதில்லை. நியூயார்க்கில் 1697இல் டிரினிட்டி தேவாலயம் ஒரு தடை போட்டது: கறுப்பர் பிணத்தை எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கக் கூடாது. கறுப்பின மக்கள் ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தில் புதைத்தார்கள். அங்கேயும் சட்டம் விடவில்லை. அடிமையின் அடக்கத்தைப் பகலில்தான் நடத்தணும், 12 பேருக்கு மேல் கூடக் கூடாது. கூடினால் கலகம் பண்ணிடுவாங்கன்னு பயம்! பின்னால் அந்தப் பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, மேலேயே நகரத்தைக் கட்டிவிட்டார்கள்.

1991இல் அதே இடத்தில் மத்திய அரசு 34 மாடி அலுவலகம் கட்டப் போனது. அரசுப் பணத்தில் கட்டும் முன் அங்கே வரலாற்றுத் தடயம் உண்டா என்று ஆராய வேண்டும். 1966ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆராய்ந்தார்கள். 1755ஆம் ஆண்டு வரைபடத்திலேயே ‘நீக்ரோக்களின் இடுகாடு’ என்று எழுதியிருக்கு. ஆனா அறிக்கை என்ன சொல்லுச்சு தெரியுமா? பழைய கட்டடங்களுக்கு அஸ்திவாரம் தோண்டினப்பவே கல்லறையெல்லாம் அழிஞ்சிருக்கும்னு. தோண்டிப் பார்த்தால், சில இடங்களில் 20 அடி மண்ணுக்குக் கீழே வரிசை வரிசையாக மனிதர்கள்!

அப்பவும் வேலையை நிறுத்தலை. 1992இல் சில கல்லறைகள் மேல் கான்கிரீட்டே கொட்டினார்கள். கறுப்பின மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நகரத்தின் முதல் கறுப்பின மேயர் டேவிட் டின்கின்ஸ் எதிர்த்தார். நாடாளுமன்றக் குழுவின் தலைவர் கஸ் சாவேஜ் விசாரணை நடத்தினார். அந்த ஜூலையில் தோண்டல் நின்றது. அதற்குள் 400 பேருக்கு மேல் வெளியே எடுத்துவிட்டார்கள். கோபுரமும் எழுந்தது, ஆனால் அதை ஒட்டிக் கட்டவிருந்த பகுதி கைவிடப்பட்டது.

போராட்டம் இன்னொன்றையும் வென்றது: எலும்புகளை யார் ஆராய்வது? கறுப்பின மக்களின் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு அவை போயின. மைக்கேல் பிளேக்கி தலைமையில், மக்களோடு பேசி ஆய்வுக் கேள்விகளை வகுத்தார்கள். இவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், எப்படி மாறினார்கள், எப்படி எதிர்த்தார்கள்? எலும்பு பதில் சொன்னது. சுமை தூக்கித் தேய்ந்த முதுகெலும்பு, பட்டினி பதிந்த பால்பற்கள், ஒரு பெண்ணின் இடுப்பில் மணிக்கோவை. ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைகள். வடக்கில் அடிமைத்தனம் லேசானதுதான் என்று சொல்லி வந்த கதை அத்தோடு செத்தது. 2003இல் அவர்களை அதே மண்ணில் திரும்பப் புதைத்தார்கள். 2006இல் அது தேசிய நினைவிடமானது.

இங்கே வருவோம். சேரிக்குத் தனிச் சுடுகாடு, பிணம் தூக்கிப் போற பாதைக்கும் சண்டை. நாளைக்கு அங்கே ரோடோ பஸ் ஸ்டாண்டோ வந்தா, அது வெறும் புறம்போக்குன்னு அதிகாரி எழுதிட்டுப் போயிடுவான். பொக்லைன் வந்த பிறகு ஓடிப் பிரயோசனமில்லை. உங்க ஊர் இடுகாட்டுக்கு சர்வே எண் என்ன, அடங்கலில் என்னன்னு எழுதியிருக்கு, புலப்படத்தில் இருக்கா? கிராம நிர்வாக அலுவலகத்தில் போய்ப் பாருங்க. பெரியவங்களைக் கூட்டிப் போய் எல்லையைக் குறிங்க. இல்லைன்னா எழுதச் சொல்லி மனுக் கொடுங்க, நகலை வச்சுக்கங்க. நியூயார்க்கில் வரைபடம் மட்டும் இருந்து கல்லறையைக் காப்பாத்தலை. அதைக் கையில வச்சுக்கிட்டு கேட்க ஜனம் இருந்தது.