வாங்கிய வாத்தியமும் வாய்மைச் சொல்லும்

தீவகத்திற் புதிதாக ஒரு கிணறு வெட்டினால், ஊற்று நீர் சுரந்தவுடன் முதலிற் செய்யப்படும் காரியம் ஒரு கை அள்ளிச் சுவைத்துப் பார்ப்பதாகும். அயலவர் ஒருவர் சுவைத்துவிட்டு, "இது உவர்" என்று சொன்னால் கிணற்றுக்குடையவர் சினங்கொள்வதில்லை. அச்சொல் நீரைப் பற்றியது, அவரைப் பற்றியதன்று. வேலணைத் தீவின் சாட்டிக் கிராமம் நன்னீருக்குப் பெயர்பெற்ற இடம். கடல் சூழ்ந்த நிலத்தில் இனிக்கும் நீர் எது, உவர்க்கும் நீர் எது என்று ஒளிக்காமல் உரைப்பது வெறும் நாகரிகமன்று. அது வாழ்க்கைத் தேவை.

ஆயினும் அதே ஊரில், அதே மனிதர்களிடையே, வேறொரு பொருள் வரும்போது இந்தத் தெளிவு மங்கிவிடுகின்றது. ஓர் இளைஞன் பல மாதங்கள் பணம் சேர்த்து, பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாண நகருக்குச் சென்று, கிற்றார் ஒன்றை வாங்கி வருகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். மாலையிற் சாட்டிக் கடற்கரையில் இசையார்வமுள்ள நண்பர்கள் கூடுகின்றனர். அவர்களுள் மூத்தவரிடம் வாத்தியத்தை நீட்டி, "அண்ணை, எப்பிடி இருக்கு, சொல்லுங்கோ" என்று அவன் கேட்கிறான். ஒருவர் பார்க்காமலே புகழ்கிறார். மற்றொருவர், "இந்த விலைக்கு இதையோ வாங்கினாய்?" என்று நகைக்கிறார். மூத்தவரோ தந்தியைத் தொட்டுப் பார்க்கிறார்; குறை ஒன்றைக் காண்கிறார்; தம்பியின் மனம் நோகுமே என்று, "நல்லாயிருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்.

இம்மூவருள் அதிகத் தீங்கு செய்தவர் யார்? பலரும் நகைத்தவரையே சுட்டுவர். ஆனால் அடுத்த மூன்று மாதங்களில் நடப்பதைக் கவனித்தால் விடை மாறிவிடும். இளைஞன் நாள்தோறும் பயில்கிறான். விரல் நுனி கன்றிப்போகிறது. அழுத்திய சுரம் தெளிவாக எழவில்லை. வாத்தியம் நல்லதென்று அறிந்தவரே சொல்லியிருக்கிறாராதலால், குற்றம் தன் விரலில் இருக்கவேண்டும் என்று அவன் முடிவு செய்கிறான். தனக்கு இசை வராது என்று கிற்றாரைச் சுவரிற் சாத்திவிடுகிறான். உண்மையில் அவன் விரலில் ஒரு குற்றமும் இல்லை. தந்திகள் மெட்டுகளுக்கு மேல் வேண்டிய அளவுக்கு மிக உயர்ந்து நின்றன. அன்பினால் மறைக்கப்பட்ட ஒரு சொல், வாத்தியத்தின் பழியை மனிதன்மேற் சுமத்திவிட்டது.

இக்குறையை அறிவது எளிது. பன்னிரண்டாம் மெட்டில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையிலுள்ள உயரத்தை அளந்து பார்க்கலாம். உலோகத் தந்தி பூட்டிய கிற்றாரில் அது ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீற்றருக்குள் இருப்பது வழக்கம். அதற்கு மிக மேற்பட்டால் பயில்பவன் வருந்துவான். குதிரையின்மேல் தந்தியைத் தாங்கும் சிறு துண்டினைத் தேய்த்துத் தாழ்த்தினால், பெரும்பாலும் இக்குறை நீங்கிவிடும். தண்டி வளைந்திருந்தால், அதனுள்ளே இரும்புக் கம்பி பொருத்திய வாத்தியங்களில் அக்கம்பியை முறுக்கிச் சரிசெய்யலாம். கடற்காற்றிலே துருப்பிடித்த தந்தியை மாற்றலாம். தளர்ந்த பிரடையையும் மாற்றலாம். ஆனால் மெட்டுகள் தவறான இடத்தில் அமைந்து, தாரஸ்தாயிச் சுரம் சுருதி சேராதிருந்தால், அது எளிதில் தீராத குறை. எனவே நேர்மையான விமரிசனத்தின் முதற் கடமை, தீரும் குறையையும் தீராக் குறையையும் பிரித்துக் காட்டுவதாகும். "இது கூடாது" என்பது தீர்ப்பு. "தந்தி உயரமாக நிற்கிறது, தாழ்த்தினால் போதும்" என்பது துணை.

விலையும் பெயரும் செவியை மயக்கும் என்பதையும் விமரிசகர் மறத்தலாகாது. பிரித்தானியாவின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்குச் சான்று. பின்பலகையும் பக்கப் பலகைகளும் மட்டும் வெவ்வேறு மரங்களாலான ஆறு கிற்றார்கள், 52 வாசிப்பாளரிடம் கண்ணுக்குத் தெரியாவண்ணம் கொடுக்கப்பட்டன. அரிய விலையுயர்ந்த மரத்துக்கும் எளிய மரத்துக்கும் அவர்கள் அளித்த மதிப்பில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஸ்பானிய நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ டி தொரெஸ் 1862ஆம் ஆண்டிலேயே முதுகையும் பக்கங்களையும் கடதாசிக் கூழட்டையாற் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்து ஒரு கிற்றாரை ஆக்கினார். ஒலியின் உயிர் மேற்பலகையிலே இருக்கின்றது என்பதை மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். ஆகவே பெயரைக் கண்டு புகழ்வதும் விலையைக் கேட்டு இகழ்வதும் விமரிசனம் ஆகா. வாத்தியத்தை வாங்கி மடியில் வைத்து வாசித்த பின்னரே பேசுதல் வேண்டும்.

குறை கேட்பதனால் கலை வளர்ந்ததற்குத் தமிழர் இசை வரலாற்றிலேயே சிறந்த உதாரணம் உண்டு. பழைய குறுகிய திமிரி நாதசுரத்தில் சுத்த மத்தியமம் செம்மையாக ஒலிப்பதில்லை என்ற குறை இருந்தது. நாதசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்ட திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளையின் தேவையை உணர்ந்து, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அச்சுரம் செம்மையாக எழும் நீண்ட பாரி நாதசுரத்தை உருவாக்கினார். வாத்தியத்தின் குறையைத் தம் குலத்தொழிலுக்கு நேர்ந்த இழிவாக அந்த ஆசாரி கருதியிருந்தால், அல்லது ஆசாரியின் மனம் நோகுமென்று வித்துவான் வாய் மூடியிருந்தால், இன்று யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலும் ஒலிக்கும் அந்தக் கம்பீர நாதம் வாய்த்திருக்குமா?

சொல்லுவோருக்குச் சில நெறிகள் உண்டு. வாங்குமுன் சொல்வது ஆலோசனை. அங்கே ஒன்றையும் மறைத்தலாகாது. வாங்கிய பின், "வேறொன்றை வாங்கியிருக்கலாம்" என்பதனாற் பயனில்லை. இருப்பதைச் செம்மைப்படுத்தும் வழியே பயன் தரும். பலர் நடுவிற் சொல்வதைத் தனியே சொல்லலாம். தமக்குப் பிடிக்காத நிறத்தையும் அமைப்பையும் வாத்தியத்தின் குறையாகக் கூறலாகாது. விருப்பம் வேறு, குறை வேறு.

கேட்போருக்கும் நெறி உண்டு. கருத்துக் கேட்டுவிட்டுப் புகழை மட்டும் எதிர்பார்த்தல் கேள்வியாகாது. குறை சொல்லப்பட்டவுடன் வாங்கிய காரணங்களை அடுக்கி வாதிடுவதைவிட, "இதைத் திருத்தலாமோ?" என்ற ஒரு கேள்வியைக் கேட்பது சிறந்தது. வாத்தியத்தை வாசித்து அறிந்தவரின் சொல்லுக்கும் தூர நின்று பார்த்தவரின் சொல்லுக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் கேட்டபின்னும், அந்த ஒலி தன் உள்ளத்துக்கு உவப்பானால் அதனை வைத்துக்கொள்ள வாங்கியவனுக்கு முழு உரிமை உண்டு. இடித்துரைக்கும் துணையின் இன்றியமையாமையைப் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் அரசருக்கு வைத்து உரைத்தார். கையிலே ஒரு கிற்றாரை ஏந்தி நிற்கும் கிராமத்து இளைஞனுக்கும் அத்துணை வேண்டியதே.

சாட்டிக் கடற்கரையில் அந்த மூத்தவர் மறுபடியும் ஒருநாள் அவ்விளைஞனைக் காணக்கூடும். "தம்பி, கிற்றாரை எடுத்துக்கொண்டு வா, தந்தி கொஞ்சம் உயரம், தாழ்த்திப் பார்ப்பம்" என்று அப்போதாவது அவர் சொன்னால், காலம் கடந்துவிடவில்லை. நீர் உவர் என்று சொன்னவர் கிணற்றைப் பழித்தவரல்லர்; குடிக்கப் போகின்றவரின் நலத்தை எண்ணியவர். வாத்தியத்தைப் பற்றிய வாய்மைச் சொல்லும் அத்தகையதே.