கிதாரின் தொனிக் குமிழ்



நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு வால்வு வானொலிப் பெட்டி இருந்தது. அம்பத்தூர்ச் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் தந்தையார், 1960-களின் இறுதியில் தவணை முறையில் வாங்கியது. அதன் முகத்தில் மூன்று குமிழ்கள். ஒன்று ஒலியைக் கூட்டிக் குறைக்க. ஒன்று நிலையங்களைத் தேட. மூன்றாவது குமிழை நாங்கள் தொடலாகாது. செய்தி நேரத்தில் தந்தையார் அதனை வலப்புறம் திருப்புவார். சொற்கள் கூர்மையாக விழும். இரவில் இரைச்சல் மிகுந்தால் இடப்புறம் திருப்புவார். இரைச்சல் அடங்கும், ஆனால் பாடகரின் குரலும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். அதுதான் ‘டோன்’ குமிழ். தொனிக் குமிழ் என்று தமிழில் சொல்லலாம்.

இன்று ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் மாதாகோயில் பாடற்குழுக்களிலும், கலியாண வீட்டு மெல்லிசைக் கச்சேரிகளிலும் வாசிக்கப்படும் மின்சாரக் கிதாரின் உடம்பில் இருக்கிறதே சிறு குமிழ், அதுவும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே இருப்பவை இரண்டே உறுப்புகள்: ஒரு மாறும் மின்தடை, ஒரு மின்தேக்கி. ரேடியோ பழுது பார்ப்பவர்கள் கண்டென்சர் என்பார்களே, அதுதான் மின்தேக்கி. முப்பது ஆண்டுக் காலம் இவ்விரண்டையும் கரும்பலகையில் வரைந்து பௌதிகம் கற்பித்தவன் நான். அப்படியிருந்தும் இந்தக் குமிழின் பொருட்டு ஒரு மாணவனுக்கு அநீதி செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு. முதலில் குமிழின் வேலையைப் பார்த்துவிடுவோம்.

கிதாரின் எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதனைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட சுருளும் இருக்கின்றன. இதனைப் பிக்கப் என்பார்கள். தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். ஃபாரடே 1831-ல் கண்ட உண்மையே அது. ஒரு தந்தி ஒரே ஓர் அதிர்வை மட்டும் தருவதில்லை. அடிப்படைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு வேகமுள்ள மேற்சுரங்களும் கூடவே எழுகின்றன. வீணையின் ‘ஸ’ வேறாகவும் குழலின் ‘ஸ’ வேறாகவும் கேட்பதற்கு இந்த மேற்சுரங்களின் கலவை ஒரு பெருங் காரணம்.

மின்தேக்கி ஒரு சல்லடை. விரைந்த அதிர்வுகளைத் தன் வழியே எளிதில் கீழே விட்டுவிடும். மெதுவான அதிர்வுகளைத் தடுத்து மேலே நிறுத்தும். குமிழ் 10-ல் இருக்கும்போது 2,50,000 ஓம் அல்லது 5,00,000 ஓம் மின்தடை சல்லடையின் வாயை ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. மேற்சுரங்கள் பெரும்பாலும் தப்பி ஒலிபெருக்கிக்குப் போய்ச் சேரும். குமிழைக் குறைக்கக் குறைக்க வாய் திறக்கிறது. அவை சல்லடை வழியே பூமிக் கம்பிக்கு வடிந்துவிடும். மின்தேக்கியின் அளவு வழக்கமாக 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். இந்தக் குமிழ் ஒலிக்கு எதையும் சேர்ப்பதே இல்லை. 10 என்பது உச்சம் அன்று. எடுக்காமல் விட்டுவைத்த நிலை, அவ்வளவே. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஒரு நூலிழையைச் செருகி மேற்சுரங்களை எழுப்புகிறோம் அல்லவா? ‘ஜீவா’ என்று அதற்கு அழகான பெயரும் வைத்திருக்கிறோம். கிதாரின் குமிழ் செய்வது நேர் எதிரான தொழில்.

இனி என் கதைக்கு வருகிறேன். 1990-களில், ஆவடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் பொறுப்பில் இருந்தேன். ஆண்டு விழா. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் யாரிடமோ இரவல் வாங்கிய மின்சாரக் கிதாரோடு மேடை ஏறினான். முதல் மீட்டலே காதில் ஊசி ஏற்றியது. முன்வரிசையில் விருந்தினர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் பையனோ வாசிப்பதை இடையிடையே நிறுத்திவிட்டுக் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தான். மேடையில் விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்தேன். ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி, எல்லார் முன்னிலையிலும் அவனைக் கீழே இறக்கினேன். அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன்பின் அப்பள்ளியின் மேடையில் அவன் ஏறவும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் பேரனுக்குக் கிதார் கற்றுத்தர ஓர் ஆசிரியரைத் தேடினோம். வந்து நின்றவர் அந்தப் பையன்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பகலில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை; மாலையில் கிதார் வகுப்பு. நான் பழைய கதையைத் தயங்கித் தயங்கி எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே பேரனின் கிதாரை மடியில் வைத்தார்.

“சார், அன்று நான் விளையாடவில்லை. எனக்கும் காது வலித்தது. குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று தெரிய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.”

காரணம் இது. 1954-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கிதாரை வெளியிட்டது. உலகெங்கும் இன்று செய்யப்படும் மலிவு விலைக் கிதார்களிற் பல அதன் சாயலே. அதில் மூன்று பிக்கப்புகள்; ஒலிக்கு ஒரு குமிழ், தொனிக்கு இரண்டு. அந்த இரண்டும் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்புக்கும் நடுப் பிக்கப்புக்கும் உரியவை. குதிரையை ஒட்டிய மூன்றாவது பிக்கப்புக்கு முதல் அமைப்பில் தொனிக் குமிழே கிடையாது. அந்த இடத்திலோ தந்தியின் ஒலி மிகவும் கூரியது. பையனின் கிதாரில் விசை அந்தப் பக்கம் தள்ளப்பட்டிருந்தது. விசையை ஒரு விரற்கடை நகர்த்தியிருந்தால் குமிழ் வேலை செய்திருக்கும். மின்சுற்று கற்பித்த ஆசிரியன் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

அவரிடமிருந்து நான் கற்றது அதிகம். புதிதாக வாசிப்போர் குமிழை 10-ல் வைத்து மறந்துவிடுகிறார்களாம். அவர் 6-லோ 7-லோ வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியைச் சற்றுக் கூர்மையாக அமைக்கிறார். பாடுபவருக்குப் பின்னால் வாசிக்கும்போது குறைக்கலாம். தனக்கு இடம் வரும்போது கூட்டலாம். 10-ல் நின்றால் மேலே போக இடமில்லை. ஜாஸ் இசைக்காரர்கள் பலர் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் குமிழை நன்கு தாழ்த்தி, உருண்டு திரண்ட நாதத்தைப் பெறுகிறார்கள். 1960-களின் பிற்பகுதியில் எரிக் கிளாப்டன், ஒலிபெருக்கியை முழங்கவிட்டுத் தொனியை அறவே அடைத்து, அழுத்தமான பாடற்குரல் போன்ற ஓர் ஒலியை எழுப்பிப் புகழ்பெற்றார். ராய் பியூக்கனன் என்பவர் டெலிகாஸ்டர் கிதாரில் வாசித்துக்கொண்டே சுண்டுவிரலால் இதே குமிழைச் சுழற்றி, தந்தியை வாய் திறந்து மூடச் செய்தார்.

நம் சங்கீதத்துக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். சாதாரண மாண்டலினில் நாதம் சட்டென்று மடிந்துவிடும். கமகத்துக்கு அது போதாது. பாலக்கொல்லில் 1969-ல் பிறந்து சென்னையில் வாழ்ந்த உ. ஸ்ரீநிவாஸ், மின்சார மாண்டலினை எடுத்து, இரட்டை இரட்டையான எட்டுத் தந்திகளுக்குப் பதிலாக ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக்கொண்டார். நாதம் நீண்டது, கமகம் அதில் ஊர்ந்தது. 2014-ல் 45 வயதிலேயே அவர் மறைந்தது பேரிழப்பு. பூவிருந்தவல்லியைக் கடந்து மேற்கே செல்லும் பெங்களூர்ச் சாலையை ஒட்டிய இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, கருநாடக இசையை மின்சாரக் கிதாரிலேயே வாசித்துக் காட்டியிருக்கிறார். என் செவிக்குப் பட்டதைச் சொல்கிறேன்: இராக ஆலாபனைக்குக் குமிழ் சற்றுத் தாழ்ந்திருப்பது நலம். மீட்டுகோலின் ‘டிக்’ என்னும் ஓசை மேற்சுரங்களின் உலகத்தைச் சேர்ந்தது. அது அடங்கினால் கமகம் தெரியும். ஆனால் மிகவும் தாழ்த்தினால் ஸ்வரத்தின் தொடக்கமே மழுங்கிவிடும். வல்லினம் முழுதும் போய் மெல்லினம் மட்டும் மிஞ்சிய பேச்சு எப்படியோ, அப்படி.

இந்த உவமை எனக்கு எளிதில் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. முதுமையில் செவி முதலில் இழப்பது விரைந்த அதிர்வுகளையே. என்னிடம் யாரேனும் மெல்லப் பேசினால் உயிர் ஒலிகள் கேட்கின்றன. ‘ச’ போன்ற மெய்யொலிகள் நழுவுகின்றன. அன்று அந்த ஆசிரியர் ஒரே சுரவரிசையைக் குமிழை 10-ல் வைத்தும் 7-ல் வைத்தும் வாசித்து, “எது எது, சொல்லுங்கள் சார்” என்றார். பேரன் உடனே சொன்னான். எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. 5-க்கு இறங்கினார், ஐயமாக இருந்தது. 3-க்கு வந்த பின்னரே தெரிந்தது. நான் தவறாகச் சொன்னபோதெல்லாம் அவர் சிரிக்கவில்லை. “இன்னொரு முறை கேளுங்கள் சார்” என்று மறுபடி வாசித்தார்.

மாலை வேளையில் பேரன் உள்ளே வாசிக்க, நான் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். “எத்தனையில் வைத்திருக்கிறாய்?” என்று கேட்பேன். “ஆறு, தாத்தா” என்பான். நம்பிக்கொள்கிறேன்.